அடிமை ஓலையும் அமைதியின் விலையும்

பள்ளியில் பயிலும் நம் மகள் ஒரு நாள் மாலை வரலாற்றுப் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வினாவை எழுப்பினாள். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி அன்று வகுப்பில் பாடம் நடந்திருந்தது. "அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கி விற்றார்களாம். அதற்காக ஒரு போரே நடந்ததாம். நம் ஊரிலும் அடிமைகள் இருந்தார்களா, அப்பா?" என்று கேட்டாள்.

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் பகல் ஷிப்டு முடிந்து தொழிலாளர் கூட்டம் கூட்டமாய் ஷாப்பூர் நகர்ச் சாலையில் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அலுவலகக் களைப்போடு இருந்த நாம் அதிகம் எண்ணிப் பாராமல், "இல்லையம்மா. நம் ஊரில் ஏழைகள் இருந்தார்கள், அடிமைகள் இருந்ததில்லை" என்று விடை பகர்ந்தோம். அவளும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அலமாரியின் மேல்தட்டில், பாட்டனார் விட்டுச் சென்ற தகரப் பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது. அந்தக் காகிதம் நம் விடையைப் பொய்யென்று சொல்லிக்கொண்டே இருந்தது. அக்காகிதத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம். நாம் சொன்ன விடை எவ்வாறு பிழையானது, ஏன் அது நம் நாவில் அத்துணை எளிதாக வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரைபடத்தில் கிடந்த கோடு

முதலில் மகளின் பாடநூலுக்கே செல்வோம். விடுதலையும் சமத்துவமும் மனிதனின் பிறப்புரிமை என்று 1776இல் உலகறிய முழங்கிய நாடு அமெரிக்கா. அந்நாடு 1787இல் வகுத்த அரசியல் சட்டம், மாநிலங்களுக்குரிய மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணிற்று. வடக்கு மாநிலங்கள் படிப்படியாக அடிமை முறையைக் கைவிட்டன. தெற்கு மாநிலங்களோ பருத்தியின் செழிப்பால் அதை மேலும் இறுகப் பற்றின. நாடு மேற்கே விரிய விரிய, புதிய நிலப்பரப்பில் அடிமை முறை நுழையலாமா என்ற வினாவும் விரிந்தது.

அதற்கு விடையாக எழுந்தவை உடன்பாடுகள். 1820இல் மிசௌரி உடன்பாட்டின்படி வரைபடத்தில் 36 பாகை 30 கலையில் ஒரு கோடு கிழித்தார்கள். 1836 முதல் 1844 வரை, அடிமை முறைக்கு எதிரான விண்ணப்பங்களை விவாதத்திற்கே எடுப்பதில்லை என்று மக்கள் சபை விதி செய்துகொண்டது. 1850இல் மற்றோர் உடன்பாடு: தப்பியோடிய அடிமையைப் பிடித்துத் தருவது வடக்கு மாநில மக்களுக்கும் கடமையாயிற்று. 1854இல் பழைய கோடும் அழிந்தது. கறுப்பின மக்கள் குடிமக்களே அல்லர் என்று 1857இல் உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தது. இவற்றுக்கிடையே மெதடிஸ்ட் திருச்சபை 1844இலும், பாப்டிஸ்ட் திருச்சபை 1845இலும் வடக்கு தெற்காகப் பிளவுண்டன. 1856இல் செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய சார்ல்ஸ் சம்னர் என்ற உறுப்பினரைத் தென்னாட்டுப் பிரதிநிதி ஒருவர் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார். 1860இல் லிங்கன் தேர்தலில் வென்றார். தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கின. 1861 ஏப்ரலில் மூண்ட போர் 1865 வரை நீடித்து, ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கிருந்த அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர்.

இவ்வரலாற்றில் நாம் கருதிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த உடன்பாடுகளைச் செய்தவர்களிற் பலர் கொடியவர் அல்லர். நாடு உடையக் கூடாதே என்று உண்மையாகவே அஞ்சியவர்கள். ஆனால், அவர்கள் வாங்கிய அமைதிக்கு விலை கொடுத்தவர்கள் யார்? அந்த மண்டபத்தில் இடமே இல்லாதவர்கள். இருவர் தம் பூசலைத் தீர்த்துக்கொள்ள மூன்றாமவனின் முதுகை ஈடு வைப்பது எவ்வாறு சமாதானமாகும்?

தென் கரோலினாவின் செனட்டர் கால்ஹூன் 1837இல் ஒரு படி மேலே சென்றார். அடிமை முறை தவிர்க்க முடியாத தீமை என்று பிறர் சொல்லிவந்த நாளில், அது இரு இனத்தார்க்கும் நன்மையே என்று வாதிட்டார். இந்த வாதத்தை நினைவில் இருத்துக. இதே வாதத்தை நாம் வேறொரு குரலில், மிக அன்பான குரலில், கேட்டிருக்கிறோம்.

நம் மண்ணின் ஆளோலை

இந்தியரில் அடிமை எவரும் இல்லை என்று, ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டிற்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதியதாகப் பழைய நூல்கள் கூறும். ஆக, நம் மகளுக்கு நாம் சொன்ன விடை புதியதன்று. தம் நாட்டில் கண்ட வடிவில் இங்கே அது இல்லாமையால் அவர் கண்ணில் படவில்லை போலும். ஆயினும் கல்வெட்டுகள் பொய் சொல்வதில்லை. 1201இல் பஞ்சத்தின் கொடுமையால் ஒரு வேளாளரும் அவருடைய இரு பெண்மக்களும் தம்மைக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியைத் திருப்பாம்புரம் கல்வெட்டு தாங்கி நிற்கிறது.

நம்மவர் அனைவரும் அறிந்த சுந்தரர் வரலாற்றையே எண்ணிப் பார்ப்போம். திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து நின்று, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்கிறார். சான்றாக ஓலையைக் காட்டுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. மூல ஓலையின் கையெழுத்து ஒப்பு நோக்கப்படுகிறது. இது இறைவன் ஆட்கொண்ட திருவிளையாடல், பக்தியின் உச்சம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்வரலாற்றைக் கேட்ட மக்களுக்கு ஆளோலை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேலும், சுந்தரர் எழுப்பிய மறுப்பு யாது? ஓர் அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது எங்கும் உண்டோ என்பதே. மனிதர் மனிதருக்கு அடிமையாகலாமோ என்ற வினா அந்த அவையில் எவர் நாவிலும் எழவில்லை. தம்மவரைத் தொடும்போது மட்டுமே அடிமைத்தனம் அநீதியாகத் தோன்றுவது அக்காலத்து இயல்பு. அக்காலத்து இயல்பு மட்டுந்தானா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. இழப்பீடாக இரண்டு கோடி பவுன் வழங்கியது. அடிமைகளுக்கன்று, அடிமைகளின் உடைமையாளர்களுக்கு! அச்சட்டத்திலிருந்து கும்பினி ஆண்ட இந்தியாவும் இலங்கையும் விலக்கி வைக்கப்பட்டன. பின்னர் 1843இல் இந்தியாவுக்கென ஐந்தாம் எண் சட்டம் பிறந்தது. அடிமை என்ற உரிமையை நீதிமன்றம் இனி ஏற்காது. அடிமை என்று சொல்லி ஒருவரின் சொத்தைப் பறிக்கலாகாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இவ்வளவுதான் அதன் சாரம். ஊர் ஊராகப் பறை அறைந்து எவரையும் விடுதலை செய்யவில்லை. அடிமையை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாக, 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் நிலமே பிளந்தது. இங்கே ஏன் ஓர் இலையும் அசையவில்லை? நமக்குத் தோன்றும் விடை இது. அங்கே கோடு வரைபடத்தில் கிடந்தது. கோட்டிற்கு அப்பால் அடிமைகளே இல்லாத மாநிலங்கள் இருந்தன. அங்கே அச்சகங்களும் மேடைகளும் வாக்குகளும் இருந்தன. இங்கேயோ கோடு ஒவ்வோர் ஊருக்குள்ளும் கிடந்தது, ஊருக்கும் சேரிக்கும் நடுவே. ஊர் எங்கும் இருந்தது; ஆதலின் சேரிக்காகப் பேச 'வடக்கு' என்று ஒரு திசை இல்லை. எங்கும் இருக்கும் ஒன்றை எவரும் காண்பதில்லை. வெகு சிலரே கண்டனர். மகாத்மா ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் கட்டுண்ட நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் வழங்கும் நிலங்கள் அதன் விளைவு.

பாட்டனாரின் பெட்டி

இனி அந்தக் காகிதம். அது 1949இல் எழுதப்பட்ட ஒரு பிராமிசரி நோட்டு. தஞ்சைத் தரணியில் நம் பாட்டனாரிடம் பண்ணையாளாக இருந்த ஒருவர், தம் மகனின் திருமணத்திற்காக எழுபத்தைந்து ரூபாய் பெற்றுக்கொண்டு, தலை ஒட்டிய வில்லையின் மேல் கைநாட்டு வைத்திருக்கிறார். நோட்டுக் கடன் மூன்றாண்டில் காலாவதியாகும் என்பதை அறிவோம். காகிதத்தின் பின்புறத்தில் 1952இல் ஒரு ரூபாய் வரவு. 1955இல் ஒரு ரூபாய் வரவு. 1958இல் ஒரு ரூபாய் வரவு. ஒவ்வொன்றும் கெடு முடிவதற்குச் சில நாள் முன்பு. கடைசி வரவின் கைநாட்டு வேறு விரலினுடையது. அது மகனின் கை. எந்தத் திருமணத்திற்காகக் கடன் வாங்கப்பட்டதோ அந்த மணமகனே கடனுக்கு வாரிசாகிவிட்டான்.

இருபதாண்டுக் காலம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் நமக்கு அந்த ஒரு ரூபாயின் பொருள் நன்றாகப் புரிகிறது. பாட்டனாருக்கு வேண்டியது பணமன்று; கடன் செத்துவிடாமல் இருப்பதே அவருக்கு வேண்டியிருந்தது. தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1952ஆம் ஆண்டில்தான். சட்டம் சென்னையில் பிறந்தது. வரவு நம் திண்ணையில் எழுதப்பட்டது.

பாட்டனார் தீயவரா? இல்லை. பாட்டியார் அடிக்கடி சொல்வார்: "அவன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி. பொங்கலுக்கு வேட்டி, பிரசவத்துக்கு நெல், நோவு வந்தால் கஷாயம். எதில் குறை வைத்தோம்?" இந்த அன்பு பொய்யன்று. ஆனால், பிள்ளை மாதிரி இருந்தவர் ஒரு நாளும் கூடத்திற்குள் வந்ததில்லை. பக்கத்து ஊரில் கூலி கூடக் கிடைத்தபோதும் போக முடிந்ததில்லை. கால்ஹூன் செனட்டில் சொன்னதைப் பாட்டியார் அடுக்களையில் சொன்னார். கொடுமையைக் காட்டிலும் அன்பு மிக உறுதியான பூட்டு. ஏனெனில், பூட்டியவருக்கே அது பூட்டென்று தெரிவதில்லை.

நாம் குடியேறிய மண்

பிழைப்புக்காக நாம் வந்து சேர்ந்த இத்தெலங்கானா மண்ணும் இவ்வரலாற்றுக்கு அந்நியமன்று. நாம் அன்றாடம் 'வெட்டி வேலை', 'வெட்டிப் பேச்சு' என்கிறோம். வெட்டி என்பது கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பு. சோழர் கல்வெட்டுகளிலும் அச்சொல் உண்டு. நிசாம் ஆட்சியில் இங்கே அதற்கு 'வெட்டி சாகிரி' என்று பெயர். தேஷ்முக்குகளின் வீட்டிற்கு ஒவ்வொரு சாதியாரும் இலவசமாகப் பணி செய்ய வேண்டும். அவ்வீட்டுப் பெண் மணமாகிப் போகும்போது ஏழைச் சிறுமியரையும் 'ஆடபாப' என்ற பெயரில் சீர்வரிசையோடு அனுப்புவதுண்டு. கடனுக்காகக் கட்டுண்டு உழைக்கும் 'பாகேலா' முறையைக் கட்டுப்படுத்த 1936இல் நிசாம் அரசே ஓர் ஒழுங்குமுறை இயற்றியது. அது ஏட்டளவில் நின்றது.

1946 ஜூலை 4 அன்று, அந்நாளைய நல்கொண்டா மாவட்டத்துக் கடவெண்டியில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டார். பாலகுர்த்தியில் சாகலி ஐலம்மா என்ற சலவைத் தொழிலாளப் பெண்மணி தம் விளைச்சலை தேஷ்முக்கிற்கு விடமாட்டேன் என்று நின்றார். அப்போது மூண்ட நெருப்பு, 1948 செப்டம்பரில் நிசாம் ஆட்சி வீழ்ந்த பின்னும் ஓயாமல், 1951 அக்டோபரில் போராட்டம் கைவிடப்படும்வரை எரிந்தது.

இம்மண்ணில் நினைக்கத்தக்க தமிழர் ஒருவரும் உளர். தமிழகத்தில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியில் ஆந்திர மாநிலத்திற்கு வந்த எஸ்.ஆர். சங்கரன், கொத்தடிமைகளின் விடுதலையைத் தம் வாழ்வின் பணியாக மேற்கொண்டார். 1976இல் இயற்றப்பட்டு, 1975 அக்டோபர் 25 முதல் செல்லுமென்று அறிவிக்கப்பட்ட கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கட்டுண்ட கடன்கள் அனைத்தையும் செல்லாதவை ஆக்கிற்று. அச்சட்டம் இருக்கும் செய்தியே கட்டுண்டவர்க்குத் தெரியாதிருந்த நாளில், அவர்களுக்கு அதை எடுத்துச் சொல்வதே அரசு அதிகாரியின் கடமை என்று அவர் கருதினார். மணம் செய்துகொள்ளாது எளிய வாழ்வு வாழ்ந்து, 2010இல் இந்நகரிலேயே மறைந்தார். நாமும் தமிழர், நாமும் அரசு ஊழியர். அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளுமுன் நம் கையிலுள்ள கோப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போரா, பொறுமையா?

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். ஆறு இலட்சம் பேரைப் பலிகொண்டுதான் அடிமை முறை ஒழிய வேண்டுமா? ஓசையின்றிச் சட்டத்தால் மெல்ல மாற்றிய நம் வழியே சிறந்ததன்றோ?

இந்த ஐயத்தை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். போரும் முழு விடுதலையைத் தரவில்லை. 1865இல் விலங்கு கழன்றது, நிலம் கிடைக்கவில்லை. குத்தகையும் கடனும் புதுச் சட்டங்களும் சேர்ந்து, அம்மக்களைப் பழைய பருத்தி வயலிலேயே நிறுத்தின. போர் புனிதமானது என்று கூற நாம் முன்வரவில்லை.

ஆனால், நம் வழியில் இரத்தம் சிந்தவில்லை என்பதும் மெய்யன்று. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்களின் குடும்பத்தார் 44 பேர் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். போரில் இறந்தவர்களுக்குக் கணக்கு உண்டு. கட்டுண்டு மடிந்தவர்களுக்குக் கணக்கெழுதியவர் யார்? 1843க்கும் 1976க்கும் இடையே 133 ஆண்டுகள். ஐந்து தலைமுறைகள் வயலிலேயே பிறந்து வயலிலேயே மறைந்திருக்கும். அதைத்தான் நாம் 'மெல்ல மாறியது' என்கிறோம்.

பொறுமை ஒரு பேரறம் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். தன் துன்பத்தைத் தாங்குவது பொறுமை. பிறருடைய துன்பத்தைத் தாங்கிக்கொள்வது பொறுமையாகாது, அது வசதி. மிசௌரி உடன்பாட்டைச் செய்தவர்களும், ஐந்தாம் எண் சட்டத்தை ஓசையின்றி எழுதியவர்களும், நோட்டின் பின்னால் ஒரு ரூபாய் வரவு வைத்த நம் பாட்டனாரும் இந்த வசதியையே அமைதி என்று எண்ணினார்கள். போரைத் தவிர்க்கும் வழி அநீதியைத் தள்ளிப்போடுவதன்று. கோடு நம் வாசலில் இருக்கும்போதே அதை நாமே அழித்துவிடுவது.

நம் வாசலில்

அப்படியானால் இன்று கோடு எங்கே இருக்கிறது? மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் பெற்றுக் குடும்பம் குடும்பமாக இந்நகரைச் சுற்றியுள்ள செங்கற்சூளைகளுக்கு வருவோரைப் பற்றி நாளிதழ்களில் படிக்கிறோம். அங்கே ஆளோலை இல்லை, 'அட்வான்ஸ்' இருக்கிறது. குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகக் கொடுத்து வாங்கும் உழைப்பும் கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் தெளிவாகக் கூறியது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களில் நம் தமிழரின் கடனை எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல் ஒழியும்வரை நடந்தது. அதைப் படிக்கும்போது நம் நெஞ்சு பதைக்கிறது, பதைக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் நம்மவர் என்பதால் மட்டும் பதைக்கிறதா? சுந்தரர் எழுப்பிய மறுப்பைத் தாண்டி நாம் ஓர் அடியேனும் வந்திருக்கிறோமா?

சூளை தொலைவில் இருக்கிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையார் சென்ற ஆண்டு மகளின் திருமணத்திற்காக நம்மிடம் பத்தாயிரம் ரூபாய் பெற்றிருந்தார். மாதந்தோறும் ஊதியத்தில் ஐந்நூறு கழித்து வந்தோம். மகள் அந்த வினாவைக் கேட்பதற்கு ஒரு வாரம் முன்பு அவர் வந்து, அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கூடுதல் ஊதியத்திற்கு வேலை கிடைத்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தாராளமாகப் போங்கள்; கடனை மட்டும் அடைத்துவிட்டுப் போங்கள்" என்றோம். மிகக் கனிவாகவே சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

பெட்டியிலிருந்த காகிதத்தை அன்றிரவு விரித்தபோது, அந்தக் கனிவான குரல் யாருடையது என்று நமக்குத் தெரிந்தது. மறுநாள் காலை அவரிடம், "கடன் வேறு, வேலை வேறு. நீங்கள் விரும்பிய இடத்திற்குப் போகலாம், பணத்தை இயலும்போது கொடுங்கள்" என்றோம். அவர் நம்பவில்லை. இரு முறை கேட்டுவிட்டுத்தான் சென்றார். இரண்டு மாதம் ஐந்நூறு வந்தது, பின்னர் வரவில்லை. இல்லத்தில் இது குறித்து மனத்தாங்கல் இல்லாமல் இல்லை. பத்தாயிரம் ரூபாய் நம் போன்ற எழுத்தர் குடும்பத்திற்குச் சிறிய தொகையன்று. ஆனால், கடனைத் திரும்பப் பெறும் உரிமை வேறு. கடனைக் காட்டி ஒருவர் காலைக் கட்டும் உரிமை வேறு. முன்னது நமக்கு உண்டு. பின்னது எவர்க்கும் இல்லை.

மகளை அழைத்து அந்தப் பழைய நோட்டைக் காட்டினோம். இரண்டு கைநாட்டுகளையும் அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். குறிப்பேட்டில் எழுதியிருந்த விடையை அடித்துவிட்டு, "இருந்தார்கள்" என்று ஒரே சொல்லை எழுதினாள். சற்று நேரம் கழித்து, "இந்தத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அப்பா?" என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை.

ஊரை விட்டு வந்த நாம் நம் மொழியைக் கொண்டுவந்தோம், கோலத்தையும் பொங்கலையும் கொண்டுவந்தோம், இச்சங்கத்தைக் கட்டினோம். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய மரபு இவை மட்டுமன்று. தகரப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் காகிதங்களும் நம் மரபே. அவற்றையும் எடுத்துப் படித்துக் காட்டுவோம். நம் வீட்டு வாசலில் எவருடைய காலிலேனும் நம் கனிவான சொல் கட்டாகக் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்போமாக.